வெள்ளிப் பேனா

தோல் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
ஆம்பூர் தாண்டி ஷூ கம்பெனி,
கட்டிங் செக்‌ஷன், மூன்றாவது மேசை.
விரித்த ஆட்டுத்தோலை வெளிச்சத்தில் சாய்த்து
உண்ணி கடித்த புள்ளி, முள் கிழித்த கோடு,
அம்மை வந்துபோன குழி,
எதுவானாலும் வெள்ளிப் பேனாவால் ஒரு வட்டம்.
பதினோரு வருஷத்தில் ஒரு வட்டம் தப்பினதில்லை.

என் அக்குளில் இருந்ததை மட்டும்
எட்டு வருஷமாக
யாரும் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கவில்லை.
நானும்தான்.

வேனல்கட்டி என்றார்கள்.
மாம்பழத்தை நிறுத்தினேன், கோழியை நிறுத்தினேன்.
சுண்ணாம்பும் வெல்லமும் குழைத்துப்
பற்றுப் போட்டாள் நாத்தனார்.
பழுத்தது, உடைந்தது, ஆறியது.
பக்கத்திலேயே இன்னொன்று கிளம்பியது.
மருந்துக்கடையில் ஐந்து நாள் மாத்திரை.
ஆறாம் நாள் திரும்பி வரும்,
தண்டல்காரன் மாதிரி.

கறுப்பு ஜாக்கெட் ஆறு தைத்துக்கொண்டேன்.
உள்ளே மடித்த வேட்டித்துணி.
நாற்றத்துக்குத் தோல் ஷெட்டைக் குறை சொன்னார்கள்
கம்பெனி வேனில் வந்தவர்கள்.
நானும் சேர்ந்து சொன்னேன்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
பாயை மட்டும் சுவரோரம் இழுத்துப் போட்டார்.

ரிஹானாதான் கக்கூஸ் கதவைத் தட்டி
"காட்டுடீ" என்றாள்.
காட்டினேன்.
மூக்கைப் பொத்தவில்லை.
"சனிக்கிழமை லீவு போடு, வேலூர் போறோம்."

பள்ளிகொண்டா, பாலாற்று மணல், ஆஸ்பத்திரி வரிசை.
டோக்கன் நூற்று நாற்பத்தாறு.
டாக்டர் ஜெசிந்தா கையைத் தூக்கச் சொன்னார்.
விளக்கை இழுத்தார்.
அழுத்தாமல் விரல் நுனியால் தடவித்தடவி
அடியில் எது எங்கே ஓடுகிறதென்று தேடினார்.
தொழில் தெரிந்த விரல். எனக்குத் தெரியும்.

"அழுக்கால வரல. யாருக்கும் ஒட்டாது.
மயிர்க்கால் அடைச்சிக்கிட்டு உள்ளேயே வெடிக்குது.
உடம்பு அதோட சண்டை போடுது, அவ்ளோதான்."

மயிர்க்கால்.
எங்கள் சூப்பர்வைசர் வாயில்
அந்தச் சொல்லின் முன்பாதி
நாளைக்கு நாற்பது தடவை வரும்.
இவர் அதற்கொரு கால் வைத்து
மரியாதையாக நிற்க வைத்தார்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
மயிர் போன துளையைப் பார்த்துத்தானே
ஆடா மாடா என்று சொல்கிறேன் தினமும்?
சுண்ணாம்புத் தொட்டியில் ஊறினாலும்
மயிர்தான் போகும், கால் போகாது.

"மூணு நிலை இருக்கு. உங்களுக்கு ரெண்டு."
"செகண்ட் கிரேடா?" என்றேன்.
அவருக்குப் புரியவில்லை.

சிவப்பு மாத்திரை பத்து வாரம்.
மூத்திரம் ஆரஞ்சாகும், பயப்படாதே என்று
முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள்.
ஆனாலும் பயந்தேன்.
ஊசி ஒன்று உண்டாம்.
விலையைக் கேட்டுவிட்டு
வேறென்ன இருக்கு மேடம் என்றேன்.

வேலூர்க் கோட்டைக்கு அடியில்
சுரங்கம் ஓடுகிறதென்று ஊரில் பேச்சு.
எனக்குள் ஓடியது நிஜம்,
ஒரு கட்டியிலிருந்து இன்னொரு கட்டிக்கு.
அதன் கூரையைப் பிரித்துவிட வேண்டுமாம்.
படுக்க வைத்து, ஊதா நிறப் பேனாவால்
அக்குளைச் சுற்றிக் கோடு போட்டார்.
குளிர்ச்சியாக இருந்தது பேனா.
ஓ, இப்படித்தானா, என்று நினைத்தேன்,
என் வட்டங்களையெல்லாம்.

தைக்கவில்லை.
அடியிலிருந்து தானாக வளரணும் என்று
திறந்தே விட்டார்கள்.
ஏழு வாரம் கட்டு மாற்றினேன்.
செல்போன் டார்ச்சைப் பிடித்தபடி
அவர் நின்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.
வெளிச்சம் ஆடியது.
நான்காவது வாரம் ஆடவில்லை.

"முழுசாத் தீருமா?"
"அடங்கும். திரும்ப வந்தா, ஒளிச்சி வெக்காம வாங்க."

மூன்றாவது மேசைக்குத் திரும்பிவிட்டேன்.
இன்றைக்கு வந்த தோலில் நீளமாக ஒரு காயம்,
உயிரோடிருந்தபோதே ஆறினது.
விரல் வைத்துப் பார்த்தேன்.
வட்டம் போட்டேன். வேலை வேலைதான்.
"உள்மடிப்புக்கு ஆகும், வீசிடாதே"
என்றேன் ரிஹானாவிடம்.

இடது பக்கம் நேற்று ஒரு பட்டாணி.
காலண்டரில் தேதியைச் சுற்றி வைத்திருக்கிறேன்,
வெள்ளிப் பேனாவால்.